எந்தக் களைப்பு?

காய்ச்சல் ஐந்தே நாள்தான். ஆறாம் நாள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டும்போது, இவ்வளவுதானா கொரோனா என்று கொஞ்சம் அலட்சியமாகக்கூட நினைத்தேன். பத்தாம் நாள் பள்ளிக்குப் போய்விட்டேன். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாம் வகுப்புப் பலகையில் ஒரு கணக்கைப் பாதி எழுதியிருந்தபோது கை அதற்குமேல் எழவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. சாக்பீஸ் கனத்தது, அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து, "மிச்சத்தை நீங்களே போடுங்க" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து, வைரஸுக்குப் பிந்தைய தொந்தரவுகளைப் பார்க்கும் ஒரு சிறப்பு கிளினிக்கில் போய் உட்காரப் பதினோரு மாதம் ஆயிற்று. வியாதியை விட்டுவிட்டு அந்தப் பதினோரு மாதத்தைத்தான் அதிகம் எழுதப் போகிறேன். வியாதி எனக்கு வந்தது தற்செயல். தாமதம் அப்படி இல்லை. அதில் பாதி, நான் என் உடம்பைச் சொன்ன விதத்தால் வந்தது.

முதலில் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் போனேன். "களைப்பா இருக்கு டாக்டர்" என்றேன். "தூக்கம் எப்படி?" என்றார். தூங்குகிறேன் என்றேன். "பசி?" பரவாயில்லை. "வீட்ல ஏதும் டென்ஷனா?" யார் வீட்டில் இல்லை? ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, கல்லீரல், சிறுநீரகம் என்று ஒரு நீளப் பட்டியல் எழுதினார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, ஒரு இசிஜி. எல்லாம் நார்மல். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். படி இறங்கும்போது பாதியில் உட்கார வேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பரிசோதனைகள் அவசியம். ரத்தசோகையோ தைராய்டோ சர்க்கரையோ தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறோ இருந்தாலும் இதே மாதிரிதான் ஆளைச் சாய்க்கும். அவற்றுக்கு மருந்து உண்டு. அதையெல்லாம் தாண்டாமல் "எனக்கு லாங் கோவிட்தான்" என்று தானே முடிவுகட்டிக்கொள்வது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் லாங் கோவிட்டுக்குக் கொடுத்த வரையறையும் அதைத்தான் சொல்கிறது: தொற்று வந்து ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்கிற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள். அந்த மூன்றாவது நிபந்தனைக்கு நிறையக் குழாய் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் "களைப்பு" என்ற வார்த்தையில் இருந்தது. நம்மிடம் இதற்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. வேலை செய்தால் வருவது களைப்பு. நெடும்பயணம் போய்வந்தால் அலுப்பு. பகலில் கண்ணைச் சொருகுவது அசதி. மனசும் சேர்ந்து துவண்டால் சோர்வு. இத்தனை இருந்தும் எனக்கு வந்ததைச் சொல்ல ஒன்றுகூட ஒத்துவரவில்லை. "அடிச்சுப் போட்ட மாதிரி" என்பது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் அதிலும் அடித்தது எப்போது என்ற விவரம் இல்லை. என்னை அடித்தது இன்றைக்கு இல்லை, முந்தாநாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் ஞாயிறு சாயங்காலம் நன்றாகவே இருப்பேன். செவ்வாய்க்கிழமை காலையில் தொண்டை கட்டி, கழுத்தில் நெறி கட்டினாற்போல வலித்து, காய்ச்சலே இல்லாத ஒரு காய்ச்சலில் படுத்துக் கிடப்பேன். ஞாயிற்றுக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துப் பார்க்க எனக்கே ஆறு மாதம் ஆயிற்று. ஐந்து நிமிடம் பார்க்கிற டாக்டர் எப்படிச் சேர்ப்பார்?

களைப்பைவிட மோசமாக என்னைக் காலைவாரிய வார்த்தை "படபடப்பு". எழுந்து நின்றால் இதயம் தடதடவென்று அடித்துக்கொள்ளும். "நின்னா படபடப்பா வருது" என்றேன். தமிழில் இதயம் அடித்துக்கொள்வதும் படபடப்புதான், பரீட்சைக்கு முன் மனசு அடித்துக்கொள்வதும் படபடப்புதான். அவர் இரண்டாவதை எழுதிக்கொண்டார். "நின்னா" என்ற சொல் ஃபைலில் ஏறவே இல்லை. அதன்பின் யார் அந்த ஃபைலைத் திறந்தாலும் முதல் வரியில் பதற்றம் உட்கார்ந்திருந்தது. இதய மருத்துவர் படுக்கவைத்து எக்கோ பார்த்தார், படுக்கவைத்து இன்னொரு இசிஜி எடுத்தார், "ஹார்ட் கல்லு மாதிரி இருக்கு, தினமும் நடங்க, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க" என்றார். நான் ஆசிரியை. சொன்னதைச் செய்கிற சாதி. பத்து நிமிடம், பதினைந்து, இருபது என்று கூட்டினேன். நான்காவது வாரம் படுத்தவள், குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிற நிலைக்கு வந்தேன்.

முதல் பரிந்துரைக் கடிதம் நான்காவது மாதம் போனது. "களைப்பு, பதற்றம், பரிசோதனைகள் இயல்பு" என்று மூன்றே சொல். கிளினிக் திருப்பி அனுப்பிவிட்டது. இப்போது யோசித்தால் அது நியாயம்தான். அந்த மூன்று சொல்லும் யாருக்குத்தான் பொருந்தாது?

கதவைத் திறந்தவர் நான் எதிர்பார்க்காத ஆள். பதற்றத்துக்கு என்று அனுப்பப்பட்ட மனநல ஆலோசகர். போகும்போது கோபமாகத்தான் போனேன். இரண்டாவது சந்திப்பில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "நாளைக்கே உடம்பு சரியாகிடுச்சுன்னா என்னென்ன செய்வீங்க?" நான் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. மொட்டை மாடிச் செடி, பாதியில் நிற்கிற தையல், பத்தாம் வகுப்புக்கு எடுக்காமல் விட்ட பாடம். பேனாவை மூடிவிட்டு அவர் சொன்னது இது: "டீச்சர், மனச்சோர்வுல இருக்கிறவங்களுக்கு செய்யணும்ங்கிற ஆசையே வத்திப் போயிடும். உங்களுக்கு ஆசை இருக்கு, முடியல. இது வேற." அழுதுவிட்டேன். அப்புறம் அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு மாதத்துக்கு தினமும் என்ன செய்தேன், அன்றைக்கு எப்படி இருந்தேன், அடுத்த இரண்டு நாள் எப்படி இருந்தேன் என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும்.

எனக்கு அப்போது நாலு வரி சேர்ந்தாற்போல எழுத வராது. தலைக்குள் எப்போதும் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். வாக்கியத்தைத் தொடங்கினால் பயனிலை வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். தங்கைதான் ராத்திரி ராத்திரி கூப்பிடுவாள். "அக்கா, நீ சொல்லு, நான் எழுதறேன்." அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அவள் கையெழுத்தில் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: "சனி: தலைக்குக் குளித்தது, நின்றபடி. அன்று: ஓகே. ஞாயிறு: சுமார். திங்கள்: எழவில்லை, தொண்டை வலி, வெளிச்சம் கூசுகிறது. குறிப்பு: அக்கா போனிலேயே தூங்கிவிட்டாள்." ஒரு மாதம் முடிந்து விரித்து வைத்தபோது, தெரிந்தது எனக்கல்ல, அவளுக்குத்தான். "எது செஞ்சாலும் ரெண்டாம் நாள்தான்கா விழற."

மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. உழைப்புக்குப் பிந்தைய சரிவு என்று சொல்லலாம். வேலை செய்த உடனே வராமல் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வரும், நாள்கணக்கில் நிற்கும். இந்தச் சரிவு கொரோனாவோடு பிறந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி 253 பேரைத் தொற்று வந்த நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். எப்ஸ்டீன்–பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று தொற்றுகள். ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேர் எழவில்லை. முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. கொரோனா வருவதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே. சிக்குன்குனியா வந்து மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை நாம் பார்த்ததில்லையா? கிருமி போய்விட்டது என்பதும் ஆள் தேறிவிட்டார் என்பதும் இரண்டு வேறு செய்திகள் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. "லாங் கோவிட்" என்ற பெயரே மருத்துவர்கள் வைத்ததில்லை. எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயில் இருந்தபடி, 2020 மே மாதம் ட்விட்டரில் எழுதிய சொல் அது.

இரண்டாவது கடிதத்தை ஆலோசகரும் பொது மருத்துவரும் சேர்ந்து எழுதினார்கள். (பொது மருத்துவர் அந்த நோட்டை நிதானமாகப் புரட்டிவிட்டு, "இதை ஏம்மா முதல்லயே சொல்லல?" என்றார். சொன்னேன் சார், களைப்பு என்று சொன்னேன்.) இந்த முறை கடிதத்தில் இருந்தவை: தொற்று உறுதியான தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி, உழைத்த ஒன்றரை இரண்டு நாளில் வருகிற சரிவு, நிற்கும்போது மட்டும் வருகிற வேகமான இதயத் துடிப்பு, முன்பு வாரத்துக்கு முப்பது பீரியட் எடுத்தவள் இப்போது எட்டு எடுக்கிறாள் என்ற கணக்கு, எல்லாப் பரிசோதனை முடிவுகளும், நோட்டின் இரண்டு பக்கமும். உடம்பு அதே உடம்புதான். பத்து நாளில் ஏற்றுக்கொண்டார்கள். காத்திருப்பு மட்டும் நான்கு மாதம்.

அந்த நான்கு மாதத்தில் தபாலில் ஒரு விண்ணப்பம் வந்தது. பதினான்கு பக்கம். ஞாபகமும் கவனமும் போய்விட்டவர்களுக்கான கிளினிக் அனுப்புகிற பதினான்கு பக்கம். மூச்சிரைப்பு எத்தனை, வலி எத்தனை, களைப்பு எத்தனை, எல்லாம் பத்துக்கு. இதைத் தயாரித்தவர் ஒரு தடவையாவது காய்ச்சலில் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

போன நாளைச் சொல்கிறேன். கிளினிக் மூன்றாவது மாடி. லிப்ட் இருந்தது. லிப்டிலிருந்து கிளினிக் வரை நீண்ட தாழ்வாரம். வாசலில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கௌரவம். முட்டாள்தனம் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. காத்திருக்கும் அறையில் கண்ணைக் குத்துகிற டியூப் லைட், யாரும் பார்க்காத ஒரு டிவி. என் எதிரே ஒரு இளைஞன் கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தான். விளையாட்டு வீரன் மாதிரி உடம்பு. அவன் பெயர் கூப்பிட்டபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

மருத்துவர் ஃபைலைப் படித்து முடித்திருந்தார். அதுவே எனக்குப் புதுசு. "நேத்து என்ன செஞ்சீங்க?" என்று ஆரம்பித்தார். இன்று வருவதற்காக நேற்று முழுக்கப் படுத்திருந்தேன் என்றேன். "சரி, இங்க வந்துட்டுப் போறதால நாளான்னிக்கு எப்படி இருப்பீங்க?" பதினோரு மாதத்தில் என் நாளான்னிக்கைப் பற்றிக் கேட்ட முதல் டாக்டர் அவர்.

பிறகு நர்ஸ் என்னை ஒரு கட்டிலில் படுக்கவைத்து, விரலில் ஆக்சிமீட்டரும் கையில் பிபி பட்டையும் மாட்டினார். விளக்கைக் குறைத்தார். பத்து நிமிடம் பேசாமல் கிடந்தேன். துடிப்பு 66, பிபி 114/72. அப்புறம் செருப்பில்லாமல் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொன்னார். குதிகால் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி. "காலை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது, மயக்கம் வர்ற மாதிரி இருந்தா மட்டும் கையைத் தூக்குங்க." முதல் நிமிடம் 92. மூன்றாவது நிமிடம் 101. அவர் ஒவ்வொரு நிமிடமும் எண்ணைச் சொல்லாமல் எழுதிக்கொண்டே போனார், நான் எட்டிப் பார்த்தேன். ஆறாவது நிமிடம் 109. காது அடைத்தது, சுவர் பின்னால் நகர்வது போலிருந்தது. "குனியாம காலை மட்டும் பாருங்க" என்றார். பாதம் இரண்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. பத்தாவது நிமிடம் 113. பிபி ஏறக்குறைய அப்படியே. நாற்காலியில் உட்காரவைத்தார். இரண்டே நிமிடத்தில் எண் எழுபதுக்கு வந்துவிட்டது.

இதற்கு நாசா சாய்வுச் சோதனை என்று பெயர். விண்வெளி வீரர்களுக்காக வந்ததாம். தேவைப்படுவது ஒரு சுவர், ஒரு பிபி கருவி, இருபது நிமிடம். நாம் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். தானியங்கி நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ள வேண்டும். அவை ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டும். பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு முப்பதோ அதற்கு மேலோ கூடி, பிபி விழாமல் இருந்து, மூன்று மாதமாக இது நீடித்தால் அந்தக் கோளாறை பாட்ஸ் (POTS) என்கிறார்கள். எனக்கு ஏறியது 47. பலகை முன்னால் நாள் முழுக்க நிற்கிற ஒருத்திக்கு இதுவரை எடுத்த சோதனை எல்லாம் படுக்கவைத்தே எடுத்தது.

சிகிச்சை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் இரண்டரை லிட்டர். உப்பு கூடுதலாக, அதுவும் என் பிபியும் சிறுநீரகமும் இடம் கொடுத்ததால். இதை யாரும் தானாக ஆரம்பிக்க வேண்டாம். இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, மிகக் குறைந்த அளவில். உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். முதல் வாரத்திலேயே அதிக வித்தியாசம் காட்டியது மாத்திரை அல்ல, அந்த ஸ்டூல்தான்.

பிசியோதெரபிஸ்ட் உடற்பயிற்சி சொல்லித் தருவார் என்று பயந்துகொண்டு போனேன். "இப்போதைக்கு உங்க வேலை நிறுத்தறது, முடியறப்பவே நிறுத்தறது" என்றார். இதயத் துடிப்பைக் காட்டுகிற வாட்ச் கட்டி, ஒரு வரம்பு குறித்துக் கொடுத்து, அதைத் தாண்டினால் உட்கார வேண்டும். நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடுகிற என் குணத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. நடையைக் கூட்டிக் கெட்ட கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. நாள்பட்ட களைப்பு நோய்க்கு, கட்டாயமாகப் படிப்படியாகக் கூட்டுகிற உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் (NICE) அமைப்பே 2021 அக்டோபரில் மாற்றிவிட்டது. 2024 ஜனவரியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், லாங் கோவிட் நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவிட்டு முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, உழைப்புக்குப் பின் தசையில் சேதம் கூடுவதைக் காட்டினார்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்தவர்களுக்கு அதை அனுப்பலாம் என்று சேமித்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் அனுப்பவில்லை.

குணமாக்கும் மருந்து கிளினிக்கில் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கொரோனாவுக்குக் கொடுக்கிற பாக்ஸ்லோவிட் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையின் முடிவு 2024-இல் வந்தது, பலன் தெரியவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து வடிகட்டித் திருப்பி ஏற்றுகிறோம் என்று சேமிப்பையெல்லாம் வாங்கிக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன, அதற்கும் உருப்படியான ஆதாரம் இல்லை. கிளினிக் என்ற பலகை மாட்டியிருந்தாலும் சில இடங்களில் டாக்டரே கிடையாது, போனில் ஒரு பயிற்சித்தாள்தான். 2020, 2021-இல் அவசரமாகத் திறந்தவற்றில் பல மூடியும் ஆயிற்று. எனவே கிளினிக் கிடைக்காதவர்களிடம் நான் சொல்வது, அந்த நோட்டையும் சுவர்ச் சோதனையையும் பொது மருத்துவரிடமே கொண்டு போங்கள் என்பதுதான். வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள், விழுந்தால் பிடிக்க வேண்டும். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, இவற்றுக்கெல்லாம் நோட்டு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. நேரே அவசரப் பிரிவு.

அடுத்த தடவை வீடியோ சந்திப்பு கேட்டேன், கொடுத்தார்கள். தாழ்வாரம் மிச்சம். பள்ளிக்கு அவர்கள் கொடுத்த கடிதத்தால் வகுப்பில் எனக்கு உயரமான ஸ்டூல் வந்தது. இப்போது வாரத்துக்குப் பதினான்கு பீரியட், செவ்வாயும் வியாழனும் இல்லை. புதன்கிழமை எடுத்ததற்கு வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்க்க வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை முதல் இரண்டு பீரியடும் இல்லை. பலகையில் எழுதுவது பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களுக்கு இன்னும் சந்தோஷம்தான்.

ஓராண்டு மறுபரிசீலனைக்கு மறுபடி அந்தப் பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. "களைப்பு: 0 முதல் 10 வரை" என்ற இடத்தில் எண் போடாமல், ஓரத்தில் பொடி எழுத்தில் "எந்த நாளுக்கு?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் நிரப்புவதில்லை. ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறேன்.